வீட்டு வளவில் சவுக்கு: எந்த மண்ணில், எந்தப் பக்கத்தில், எத்தனை?

1990 தொடக்கம் 2009 வரையான காலத்தில் மன்னார் மாவட்டத்துக் குடும்பங்கள் பல, ஒரு தடவையல்ல, பல தடவைகள் இடம்பெயர்ந்தன. திரும்பி வந்தபோது அநேகருடைய வளவில் வீடு இருக்கவில்லை. மரமும் இருக்கவில்லை. பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டிருந்தன. வேலிக் கதியால்கள் பட்டுப்போயிருந்தன. வீடு கட்டுவதற்கு ஏதோ ஒரு வகையில் உதவித் திட்டங்கள் வந்தன. மரத்தை மட்டும் நாமேதான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இன்றும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல், உறவினர் வளவிலோ வேறொருவர் நிலத்திலோ இருக்கின்ற குடும்பங்களும் உண்டு. "நாளைக்கு எங்கே இருப்போமோ தெரியாது, மரம் நட்டு என்ன பயன்?" என்று அவர்கள் கேட்பது நியாயமே. பனை நட்டால் பலன் பேரப்பிள்ளைகளுக்கு. தென்னை நட்டாலும் ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகளில் காற்றைத் தடுத்து, விறகும் தடியும் தரக்கூடிய மரம் ஒன்று வேண்டும் என்று தேடும்போதுதான் சவுக்கைப் பற்றிய பேச்சு எழுகிறது.

சவுக்கு நல்ல மரம். ஆனால் எல்லா மண்ணுக்கும் நல்ல மரமல்ல. பேசாலை மணலில் செழித்து வளரும் கன்று, அதே நாளில் அதே கையால் முருங்கன் களிமண்ணில் நடப்பட்டால் இரண்டு மாரியைத் தாண்டாமல் போகலாம். ஆகவே கன்று தேடுவதற்கு முன் காலடி மண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதற் செய்தி.

சவுக்கு பைன் மரமா?

கனடாவில் வாழும் எமது உறவினர்கள் அனுப்பும் படங்களில் வீட்டு முற்றத்தில் நெடிதுயர்ந்த பைன் மரங்களைக் காண்கிறோம். அவற்றில் ஒன்று வெண்பைன். ஒன்ராறியோ மாகாணம் 1984இல் அதனைத் தன் மாகாண மரமாக ஏற்றுக்கொண்டது. ரொறன்ரோவில் எம்மவர்கள் குடியிருக்கும் பகுதிகளிலும் காற்றுத் தடுப்பாகவும் வளவின் மறைப்பாகவும் அது நடப்படுகிறது. "அந்த மரத்தின் விதையை அனுப்பினால் இங்கே முளைக்குமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

முளைத்தாலும் நிலைக்காது. வெண்பைன் குளிர்காலம் உள்ள நாட்டு மரம். ஆண்டுதோறும் சில மாதங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுவது அதன் இயல்பு. அதனுடன் உப்பு அதற்கு ஆகாது. பனியைக் கரைக்க வீதியில் தூவும் உப்புப் பட்டாலே அதன் இலைகள் கருகிவிடும். கடற்காற்று வீசும் மன்னாரில் அதற்கு இடமில்லை. எமது மலைநாட்டில் பைனஸ் என்று சொல்லப்படும் மரங்கள் நிற்கின்றனவே என்று கேட்கலாம். அவை மத்திய அமெரிக்காவையும் கரிபியன் பகுதியையும் சேர்ந்த வேறு இனம். தேய்ந்துபோன மலைச்சரிவுகளில் நடப்பட்டவை. எமது வரண்ட கரைக்கு அவையும் பொருந்தா.

இங்கே பைனின் வேலையைச் செய்யும் மரம் சவுக்குத்தான். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இவை உறவினமல்ல. வெண்பைனின் ஊசிகள் ஐந்தைந்தாக ஒரே காம்பில் கட்டுக்கட்டாக நிற்கும். அவை உண்மையான இலைகள். சவுக்கில் நாம் ஊசி என்று நினைப்பது மெல்லிய சிறு கிளை. அதைக் கையில் எடுத்து மெதுவாக இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் பல்லுப்போல மிகச் சிறிய செதில்கள் வட்டமாக இருக்கும். அவையே அதன் இலைகள். இலை இவ்வளவு சிறுத்துப் போனதால் உப்புக் காற்றையும் வரட்சியையும் சவுக்கு தாங்கிக்கொள்கிறது.

அவுஸ்திரேலியாவின் வடபகுதி, தென்கிழக்காசியா, பசுபிக் தீவுகள் ஆகியவற்றின் கடற்கரைகளே இதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அன்றைய சென்னை மாகாணத்தில் புகையிரத எஞ்சின்களுக்கு விறகாகப் பெருமளவில் வளர்க்கப்பட்டது. எமது வடபகுதியிலும் காரைநகரின் கடற்கரை ஒன்று இம்மரத்தின் பெயராலேயே கசூரினாக் கடற்கரை என்று அழைக்கப்படுகிறது. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுச் சவுக்கங்காடும் யாவரும் அறிந்ததே.

காற்றுக்கு ஒரு வேலி

மன்னாரின் காற்றைப் பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட 103.5 மெகாவாற்று மின் நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டதே இந்தக் காற்றின் பலத்துக்குச் சாட்சி. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் மணலை அள்ளிவந்து அடுப்படியிற் கொட்டும். கத்தரி, மிளகாய்ப் பூக்களை உதிர்க்கும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். கிடுகுக் கூரையைக் கிளப்பும்.

இதற்கு மதில் கட்டினால் என்ன? காற்று மதிலில் மோதி மேலெழுந்து, மறுபுறத்தில் சுழன்று விழும். மதிலுக்குச் சற்று அப்பால் நிற்கும் பயிர் முன்னைவிட அதிகமாக அடிபடும். மரவரிசை அப்படியல்ல. காற்றின் ஒரு பகுதியைத் தன் கிளைகளுக்கூடாகப் போகவிட்டு, அதன் வேகத்தைத் தணித்து அனுப்புகிறது. சவுக்கின் ஊசிக் கிளைகள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை. மரத்தின் உயரத்தைப்போல ஐந்து மடங்கு தூரம்வரை நல்ல காப்பும், பத்து மடங்கு தூரம்வரை ஓரளவு காப்பும் கிடைக்கும். 20 அடி உயரமான வரிசை ஒன்று அதன் பின்னால் 100 அடி வரையுள்ள வீட்டையும் தோட்டத்தையும் நன்றாகக் காக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், வேதாரணியத்துக்கு அருகே நாலுவேதபதி என்ற ஊர் இருக்கிறது. 2002இல் அவ்வூரார் ஒரே நாளில் 80,000க்கு மேற்பட்ட கன்றுகளைக் கடலோரமாக நட்டார்கள். சவுக்கு அவற்றில் முக்கியமானது. இரண்டு ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26இல், ஆழிப்பேரலை வந்தபோது அந்த மரக்காடு ஊருக்கு அரணாக நின்றது. கடலூர்க் கரையை ஆராய்ந்த அறிவியலாளர்களும், கண்டற் காடோ சவுக்குத் தோப்போ முன்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்ததை 2005இல் வெளியிட்டார்கள். இதனை வைத்து, மரம் நட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பெருங்கடல் எழும்போது மரம் அலையின் வேகத்தைக் குறைக்கும். அவ்வளவுதான். எச்சரிக்கை கிடைத்தால் மேட்டுக்குப் போவதே பாதுகாப்பு.

முதலில் மண்ணைப் பாருங்கள்

எமது மாவட்டத்தில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட மண்கள் அருகருகே இருக்கின்றன. மன்னார்த் தீவில் பேசாலை, தலைமன்னார், தாழ்வுபாடு ஆகிய இடங்களிலும், பெருநிலத்தின் கடலோர ஊர்கள் பலவற்றிலும் மணல். முருங்கன், நானாட்டான் பக்கங்களிலும் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் உள்ள வயல்களிலும் கருங்களி. வேறு சில இடங்களில் செம்மண்.

சவுக்குக்குப் பிடித்தது மணல். உவர்த்தன்மை இருந்தாலும், சிப்பிச் சுண்ணாம்பு கலந்திருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் வடியக்கூடிய செம்மண்ணிலும் வளரும். ஆனால் களிமண்ணில் மாரி முழுவதும் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அதன் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. வேர் அழுகிவிடும். தப்பி நிற்பவையும் கோடையில் நிலம் வெடிக்கும்போது நுனிவேர் அறுந்து வாடும்.

உங்கள் வளவு எந்த வகை என்று அறிய இரண்டு எளிய சோதனைகள்:

1. ஒரு கைப்பிடி மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்கள். விரலளவு நீளத்துக்குத் திரியாக உருண்டு, வளைத்தாலும் உடையாமல் நின்றால் அது களி. திரியாக வராமல் உதிர்ந்தால் மணல்.

2. இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, மாலையில் அதை நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். விடியும்போது தண்ணீர் முழுவதும் வடிந்திருந்தால் சவுக்கு நடலாம். பாதிக்கு மேல் நின்றால் நட வேண்டாம்.

இரண்டாவது சோதனையை மாரியில் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. கோடையில் வெடித்த நிலம் தண்ணீரை உடனே குடித்துவிட்டு எம்மை ஏமாற்றிவிடும்.

முருங்கன் களிமண்ணுக்கு எந்த மரம்?

முருங்கன் மண் குறைந்த மண் அல்ல. கட்டுக்கரைக்குளத்து நீரும் இந்தக் களியும் சேர்ந்துதான் மன்னாருக்கு நெல் தருகின்றன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்கு வேண்டிய களிமண்ணும் முருங்கனிலிருந்தே சென்றது. தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் குணம். அந்தக் குணத்துக்கு ஏற்ற மரங்களை நட வேண்டும்.

பூவரசு: தடித்த கதியாலாக நட்டாலே வேர்விடும். களியையும் உவரையும் தாங்கும். குழை வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளை. காற்றுப் பக்கத்து வேலியில் மூன்றடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டு, இரண்டு ஆண்டுகள் ஆடு மாடு படாமல் காத்தால் அதுவே நல்ல காற்றுத் தடுப்பு.

புங்கு: தண்ணீர் தேங்கினாலும் கோடை நீண்டாலும் நிற்கும். அவரையினத்தைச் சேர்ந்ததால் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். நிழலும் அடர்த்தியானது. விதையைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருது, நாவல்: குளத்தோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் இயல்பாக நிற்பவை. காணியில் தாழ்வான மூலையில் நட ஏற்றவை. பெரிய மரமாகும் என்பதால் வீட்டுக்குத் தூரத்தில் நட வேண்டும்.

வேம்பு: தேங்கிய தண்ணீர் அதற்கு ஆகாது. ஒன்றரை அடி உயரத்துக்கு மண்மேடு கட்டி, அதன் உச்சியில் நட்டால் களிமண் வளவிலும் வளர்க்கலாம்.

களிமண் வளவில் எந்த மரத்தை நட்டாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இந்த மண் மாரியில் ஊதிப் பெருக்கும், கோடையில் சுருங்கும். பெரிய மரம் ஒன்று சுவருக்கு அருகே நின்றால், அதன் வேர் அத்திவாரத்தின் கீழுள்ள ஈரத்தையும் உறிஞ்ச, அந்தப் பக்கத்து மண் இன்னும் கூடுதலாகச் சுருங்கிச் சுவர் வெடிக்கும். கடன்பட்டுக் கட்டிய புதுவீட்டுக்கு இந்தச் சேதம் வரக்கூடாது. முழு வளர்ச்சியில் மரம் எவ்வளவு உயரம் வருமோ, அவ்வளவு தூரம் வீட்டிலிருந்து தள்ளியே நடுங்கள்.

இனி மணல் வளவு உள்ளவர்களுக்கு.

நாற்று உண்டாக்குதல்

கன்று விலைக்கு வாங்கத் தேவையில்லை. நேரான, நோயற்ற, ஐந்து வயதுக்கு மேற்பட்ட மரத்தைத் தெரிந்தெடுங்கள். காய்கள் பச்சை நிறம் மாறிப் பழுப்பாகத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். மரத்திலேயே வெடித்த காயில் விதை இருக்காது. பறித்த காய்களைத் துணியிலோ கடதாசியிலோ பரப்பி, காற்றுப் படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வெயிலிற் காயவிட்டால் சிறகுள்ள சிறு விதைகள் தாமாகவே உதிரும். விதை மிகச் சிறியது. ஒரு கைப்பிடியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். சாதாரணமாக வைத்தால் சில மாதங்களில் முளைதிறன் குறைந்துவிடும். ஆகவே அந்த ஆண்டிலேயே விதைப்பது நல்லது.

மே மாதத்தில் விதையுங்கள். ஆற்றுமணலும் சலித்த கூட்டெருவும் கலந்து, துளையிட்ட தட்டில் நிரப்பி, விதையைத் தூவி, அது மறையும் அளவுக்கு மட்டும் மணலைத் தூவுங்கள். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. எறும்பு இவ்விதையை மிக விரும்பும். ஒரே இரவில் தட்டைக் காலியாக்கிவிடும். தட்டை மேசையில் வைத்து, மேசைக் கால்கள் நான்கையும் தண்ணீர் ஊற்றிய பேணிகளுக்குள் நிறுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்று இரண்டு வாரங்களில் முளைக்கும். மேலே கிடுகு கட்டி உச்சி வெயிலையும் சோளகத்தையும் மறைக்க வேண்டும்.

மூன்று நான்கு அங்குலம் வளர்ந்ததும் பொலித்தீன் பைகளுக்கு மாற்றுங்கள். இங்கே ஒரு முக்கியமான விடயம். பயறு, உழுந்து வேர்களில் முடிச்சு இருப்பதைப்போலச் சவுக்கு வேரிலும் பவளக்கொத்துப்போன்ற பழுப்பு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்கு உணவாக்குகிறது. உரமில்லாத மணலில் சவுக்கு வளரும் இரகசியம் இதுதான். ஆனால் சவுக்கே இதுவரை நில்லாத வளவில் அந்த நுண்ணுயிர் இருக்காது. ஆகவே பழைய, நோயற்ற சவுக்கின் அடியில் வேரோடு சேர்ந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துவந்து, ஒவ்வொரு பையிலும் ஒரு பிடி கலந்துவிடுங்கள். செலவில்லாத இந்த வேலையைச் செய்த கன்றுக்கும் செய்யாத கன்றுக்கும் உள்ள வித்தியாசம் சில மாதங்களிலேயே நிறத்தில் தெரியும்.

எங்கே, எப்படி நடுவது?

ஒக்ரோபர் கடைசியில் அல்லது நவம்பரில், நல்ல மழை இரண்டு பெய்த பின்னர் நடுங்கள். எமக்குக் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். ஜனவரிக்குப் பின் நட்டால் வேர் இறங்குவதற்கு முன் கோடை வந்துவிடும்.

பக்கம்: சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. எனவே வளவின் தெற்கு, மேற்கு எல்லைகளில் நட வேண்டும்.

இடைவெளி: மரத்துக்கு மரம் ஆறடி. இரண்டு வரிசைகள், அவற்றுக்கிடையே ஆறடி. முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசையின் மரம் வருமாறு மாற்றி மாற்றி நடுங்கள்.

வீட்டிலிருந்து தூரம்: மரத்தை எவ்வளவு உயரம் வளர விடப்போகிறீர்களோ, குறைந்தது அவ்வளவு தூரம். காற்றுப் பக்கத்தில் நிற்கும் மரம் விழுந்தால் வீட்டை நோக்கித்தான் விழும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி மன்னாரையும் தாக்கியதை மூத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். மின்கம்பிக்குக் கீழேயும் நட வேண்டாம்.

கிணறு, தோட்டத்திலிருந்து தூரம்: 15 அடிக்குக் குறையக் கூடாது. தோட்டப் பக்கமாக ஓரடி அகலத்தில் இரண்டடி ஆழமான கான் ஒன்று வெட்டி, வேரை ஆண்டுக்கொருமுறை அறுத்துவிட்டால் பயிரின் தண்ணீரையும் உரத்தையும் மரம் பறிக்காது.

குழி ஒன்றரை அடி. அடியில் ஒரு வாளி கூட்டெரு. பையை முழுதாகக் கிழித்து அகற்றிவிட்டு, மண் உடையாமல் கன்றை வையுங்கள். காற்றுக்கு எதிராக ஒரு தடியை ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். சுற்றி முள் அடையுங்கள். கட்டாக்காலி மாடும் ஆடும் எல்லா ஊருக்கும் பொது. மன்னார்த் தீவில் இவற்றுடன் கழுதைகளும் உண்டு. முள் அடைக்காத கன்றை நடாத கன்றாகவே கணக்கிட வேண்டும்.

முதலாவது கோடைதான் சோதனை. பெப்ரவரி தொடக்கம் அடுத்த மாரி வரை வாரத்துக்கு இருமுறை, கன்றுக்கு அரை வாளி தண்ணீர் போதும். முகம் கழுவிய, பாத்திரம் கழுவிய தண்ணீரையே ஊற்றலாம். அடியில் சிறு துளையிட்ட பழைய பானையைக் கன்றுக்கருகே புதைத்து நிரப்பிவிட்டால் இன்னும் சிக்கனம். இரண்டாம் ஆண்டில் வேர் ஆழத்து ஈரத்தைப் பிடித்துவிடும். பிறகு தண்ணீர் தேவையில்லை.

கத்தி வைக்கும்போது கவனம். நடுத்தண்டின் நுனியை ஒருபோதும் வெட்ட வேண்டாம். இரண்டு வயதுக்குப் பின், தடி நேராக வேண்டுமானால் அடிக்கிளைகளை மரத்தின் மூன்றிலொரு பங்கு உயரம்வரை கழிக்கலாம். காற்றை மறிக்க வேண்டுமானால் அடிக்கிளைகளை அப்படியே விட்டுவிடுங்கள். கிளை இல்லாத அடியால் காற்று முன்னைவிட வேகமாகப் புகும்.

சவுக்கின் குறைகள்

நல்லதை மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது.

தண்ணீர்: வேகமாக வளரும் எந்த மரமும் தண்ணீர் குடிக்கும். மன்னார்த் தீவில் நல்ல தண்ணீர் என்பது அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கின்ற ஒரு மெல்லிய படை. கிணற்றைச் சுற்றிச் சவுக்கை அடர்த்தியாக நட்டால் அந்தப் படையைத்தான் அது குடிக்கும். எல்லையில் இரண்டு வரிசை போதும். வளவு முழுவதையும் தோப்பாக்க வேண்டாம்.

சருகு: உதிரும் ஊசிகள் மெத்தைபோல் மூடி, அடியில் வேறெதனையும் முளைக்க விடா. அத்துடன் அவை விரைவில் தீப்பிடிக்கும். சவுக்குத் தீயைத் தாங்காது. வாரந்தோறும் கூட்டி, ஒரு பகுதியை அடுப்பு மூட்டவும், மிகுதியைக் கூட்டெருக் குழிக்கும் பயன்படுத்துங்கள். அடுப்படிக் கொட்டிலுக்கருகே குவித்து வைக்க வேண்டாம்.

தழைக்காமை: பூவரசைப்போல, கிளிசரியாவைப்போல, வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரமல்ல இது. அடியோடு வெட்டினால் பெரும்பாலும் பட்டுவிடும். வெட்டும் நாளிலேயே மறுகன்று ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கடலின் விளிம்பு: அலை வந்து தொடும் மணல்மேட்டில் சவுக்கை நடக் கூடாது. அதன் மேல்வேர் மணலைப் பிடித்து வைக்காமல், அலை அரிக்கும்போது மரத்தோடு கரையும் சரியும். கடலாமைகள் முட்டையிடும் இடமும் மறைந்துபோகும். அத்துடன் அது அரச நிலம்.  நாம் பேசுவது வீட்டு வளவைப் பற்றியே.

20 மரங்களின் கணக்கு

கால் ஏக்கர் வளவில் பத்துப் பத்தாக இரண்டு வரிசை, மொத்தம் 20 மரங்கள் நடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு விவசாயிகள் ஏக்கருக்கு 4,000 வரை நெருக்கி நட்டு, மூன்று தொடக்கம் ஐந்து ஆண்டுகளில் தடிக்கும் கடதாசி ஆலைக்கும் வெட்டுகிறார்கள். எமக்கு அந்த வேகம் தேவையில்லை. ஐந்தாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு நான்கு மரங்கள் வெட்டி, நான்கு கன்றுகள் நட்டால் போதும். இருபதும் சுற்றிவர ஐந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் முதலில் நட்ட நான்கும் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். வரிசை என்றும் நிற்கும். அடுப்பும் என்றும் எரியும்.

வெட்டும்போது அங்கொன்று இங்கொன்றாக வெட்ட வேண்டாம். சவுக்குக் கன்று நிழலில் வளராது. ஒரு முனையிலிருந்து வரிசைக்கு இரண்டாக, அடுத்தடுத்து நான்கை வெட்டி, வெளிச்சம் கிடைக்கும் அந்த இடத்தில் புதுக் கன்றுகளை நடுங்கள்.

சவுக்கு விறகு உலகின் மிகச் சிறந்த விறகுகளுள் ஒன்று. பாரமானது, நின்று எரிவது, பச்சையாக இருந்தாலும் பற்றிக்கொள்வது. 2022இல் எரிவாயு கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது, வளவில் விறகு இருந்த வீட்டில் உலை கொதித்தது. தடிகள் கொட்டிலுக்கும் பந்தலுக்கும் பாகற்கொடிக்கும் பயன்படும். நிலத்தில் ஊன்றும் அடிக்குக் கரையான் வரும். ஊன்றுமுன் அடிப்பகுதியை நெருப்பில் வாட்டுவது அல்லது கழிவெண்ணெய் பூசுவது நல்லது. வெட்டி வெளியிடத்துக்கு ஏற்றிச் செல்வதாயின், அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று முன்கூட்டியே கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள்.

பிறர் காணியில் இருப்பவர்கள் நடுவதற்கு முன் காணிக்காரருடன் பேசி, "மரத்தை யார் வெட்டுவது, வெளியேற நேர்ந்தால் என்ன பங்கு" என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். உறவினராக இருந்தாலும் எழுதுவதில் தவறில்லை. இல்லாவிட்டால் பின்னாளில் மரம் உறவைக் கெடுக்கும். அதுவும் முடியாதவர்கள் கன்றுகளைப் பைகளிலேயே வளர்க்கலாம். இடம் மாறினால் பையும் கூடவே வரும்.

நத்தார் மரம்

டிசம்பர் வந்ததும் சவுக்கின் நுனியை வெட்டி நத்தார் மரம் சோடிப்பது எமது ஊர்களில் வழக்கம். நுனி போன மரம் பிறகு நேராக வளராது. இரண்டு மூன்றாகக் கவர்விட்டு, காற்றில் பிளக்கும். தடிக்கும் உதவாது. பிள்ளைகளின் ஆசையையும் கெடுக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு வெட்டவிருக்கும் நான்கு மரங்களை நத்தாரை ஒட்டி வெட்டினால் நான்கு நுனிகள் கிடைக்கும். ஒன்று உங்களுக்கு, மற்றவை அயல் வீடுகளுக்கு. அந்த மாதமே மழை மாதம். வெட்டிய இடத்தில் அந்த வாரமே கன்று நட்டுவிடலாம்.

ஆண்டின் வேலை அட்டவணை

ஏப்ரல்: காய் பறித்து விதை எடுத்தல்.
மே: தட்டில் விதைத்தல்.
ஜூன் கடைசி: பைக்கு மாற்றுதல், பழைய மரத்தின் அடிமண் கலத்தல்.
செப்ரெம்பர்: நிழலை மெல்லமெல்லக் குறைத்தல், குழி வெட்டுதல், முள் சேர்த்தல்.
ஒக்ரோபர் கடைசி, நவம்பர்: நடுதல்.
பெப்ரவரி முதல்: வாரம் இருமுறை தண்ணீர்.

மணல் வளவென்றால் சவுக்கு, களி வளவென்றால் பூவரசும் புங்கும். எந்த வளவானாலும் இந்த மாரிக்குள் காற்றுப் பக்கத்து எல்லையைக் குடும்பமாக ஒருமுறை நடந்து பாருங்கள். குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம். அவர்கள் விடியற்காலையில் ஓடிப்போய்ப் பார்த்துவந்து சொல்வார்கள். எந்த மரம் என்பதை அதன்பின் எல்லோருமாக முடிவு செய்யுங்கள்.